மலையும் பொழுதும்

(சேலத்தில் ஓவியம் பயிலும் மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, இளைய நண்பர்களே, வணக்கம்.

ஏற்காட்டை ஒருமுறையேனும் வரைந்து பார்க்காத ஓவியர் நம் ஊரில் இருக்க மாட்டார். ஏரி, படகு, பின்னால் பச்சை மலை என்று எத்தனையோ படங்களைப் பார்க்கிறோம்; இடம் உடனே தெரிந்துவிடுகிறது, உணர்வுதான் எழுவதில்லை. அவற்றில் நிலம் இருந்தும் பொழுது இல்லாததே அதற்குக் காரணம் என்று கருதுகிறேன்.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்கிறது. குறிஞ்சிக்கு மலை மட்டும் போதாது. கூதிர் என்னும் குளிர்ப் பருவமும் யாமம் என்னும் நள்ளிரவும் வேண்டும். அந்நிலத்துக்கே உரிய மரமும் விலங்கும் பறவையும் கருப்பொருளாக நின்று, வாய்விட்டுச் சொல்லாத உணர்வைப் புலப்படுத்துகின்றன. உடைந்த படகையும் ஒற்றைக் காக்கையையும் எந்த நிலத்தில் வைத்தாலும் சோகம் பிறந்துவிடும் என்று நம்புகிறவர்கள் (நம்மிடையே அவர்களுக்குப் பஞ்சமில்லை) இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிஷ், 1808 முதல் 1810 வரை தீட்டிய கடலோரத் துறவியின் படத்தில் முதலில் கப்பல்களையும் வரைந்திருந்தார். பின்னர் அவற்றை வண்ணம் பூசி மறைத்துவிட்டார் என்பது அகச்சிவப்புக் கதிர் ஆய்வில் தெரியவந்தது. எஞ்சியவை வெளிறிய கரை, கரிய பட்டையாய்க் கடல், படத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்ட வானம், விரல்நுனி அளவில் ஒரு மனிதர், இவ்வளவே. கப்பல் இருந்திருந்தால் நம் கண் அதைப் பற்றிக்கொண்டு, அது எங்கே போகிறது என்று கதை தேடத் தொடங்கியிருக்கும். இப்போது பற்றிக்கொள்ள எதுவுமில்லாமல் அந்தத் துறவியோடு நாமும் நிற்க வேண்டியிருக்கிறது.

ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலைக்குரிய கருப்பொருள் எது என்று கேட்டால், நான் சில்வர் ஓக் மரத்தைச் சொல்வேன். அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. காப்பிச் செடிக்கு நிழல் தரவும் மிளகுக்கொடி படரவும் மனிதர் நட்டது. அதை ஆதிக்காட்டைப் போலக் கன்னாபின்னாவென்று வரைந்தால் படம் பொய்யாகிவிடும். வரிசையும் இடைவெளியும் தெரிய வரைந்தால், தோட்டத்தின் வரலாறும் உழைப்பும் ஓர் எழுத்தும் எழுதாமலே படத்துக்குள் வந்துவிடும். அதன் இலை மேலே பச்சை, அடியில் வெள்ளி. காற்று திருப்பும்போது மரம் முழுதும் ஒருகணம் வெளிறிப் பழைய நிறத்துக்கு மீள்கிறது. மழைக்கு முந்தைய மனநிலையைக் காட்ட இதைவிட வேறென்ன வேண்டும்?

மூடுபனிக்கு வருவோம். நீர்வண்ணத்தில் பனிக்கென்று தனி வண்ணம் தேவையில்லை. தாளின் வெண்மையை விட்டுவைத்து, ஓரத்தை ஈரமாக்கி, மர நிறத்தை அதில் கசியவிட்டால் போதும். அண்மை மரம் கருமையாகவும், அடுத்தது சாம்பலாகவும், அதற்கடுத்தது வெறும் ஐயமாகவும் நிற்கும்.

அதே வெறும் தாளைக் கொண்டு நேர் எதிரான உணர்வையும் எழுப்பலாம். மலையேறுவதற்கு முன் அடிவாரத்தில், மேக்னசைட் என்னும் கனிமத்தை வெட்டியெடுத்த வெள்ளை மேடுகளைக் கடந்துதான் போகிறோம். ஆனாலும் அவற்றை வரைய யாரும் நிற்பதில்லை. பாலைக்கெனத் தனி நிலமில்லை, குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் இயல்பு திரிந்தால் அதுவே பாலை என்றனர் முன்னோர். அதன் பொழுது நண்பகல். சித்திரை வெயிலில் அங்கே போய், தாளின் வெண்மையை அப்படியே விட்டு, இம்முறை ஓரத்தை நனைக்காமல், நிழலைக் கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக வைத்துப் பாருங்கள். அடுத்த கூட்டத்துக்கு ஏரிப் படங்களோடு அந்தப் படங்களையும் கொண்டுவாருங்கள். இரண்டையும் அருகருகே மாட்டிப் பேசுவோம்.