ஆட்டத் திட்டத்திலிருந்து சம்பளப் பட்டியலுக்கு

அவையோர் அனைவருக்கும் வணக்கம். கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஒருவர் பெஞ்சை விட்டு அணி நிர்வாகத்துக்குப் போனால் அவருடைய வேலை எப்படி மாறுகிறது என்பதுதான் இன்றைய பேச்சு. பொதுவாகப் பேசிக்கொண்டு போனால் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். அதனால் ஒரே ஆளைப் பிடித்துக்கொள்வோம்: அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீகில் ஆடும் பாஸ்டன் செல்டிக்ஸின் பிராட் ஸ்டீவன்ஸ்.

பட்லர் பல்கலைக்கழக அணியை 2010, 2011 என அடுத்தடுத்துக் கல்லூரிச் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோனவர். 2013-இல் செல்டிக்ஸுக்கு வந்தபோது வயது 36. எட்டு பருவங்கள் பயிற்சியாளர், மூன்று முறை கிழக்கு மண்டல இறுதி. எட்டாவது பருவத்தில் 36 வெற்றி, 36 தோல்வி. பிளே ஆஃப் முதல் சுற்றிலேயே புரூக்ளினிடம் தோற்று வெளியே. 2021 ஜூன் 2 அன்று அணியின் கூடைப்பந்து நிர்வாகத் தலைவர் டேனி எய்ஞ்ச் பதவி விலக, அந்த நாற்காலியில் ஸ்டீவன்ஸ் உட்கார்ந்தார்.

பயிற்சியாளருக்கு ஒரு ஆட்டக்காரர் என்றால் நிமிடங்கள். இன்றைக்கு 48 நிமிடத்தில் இவரை எத்தனை நிமிடம் இறக்கலாம், யாரோடு சேர்த்து இறக்கலாம், எதிரணியில் யார்மேல் விடலாம். நிர்வாகிக்கு அதே ஆள் ஒரு ஒப்பந்தம். இன்னும் எத்தனை ஆண்டு, எவ்வளவு சம்பளம், அதில் உத்தரவாதம் எவ்வளவு, கடைசி ஆண்டை நீட்டிக்கும் உரிமை யாருடையது, வேறு அணிக்கு அனுப்பினால் ஈடாக எவ்வளவு சம்பளத்தை வாங்கிக்கொள்ளலாம். இரண்டு பார்வையும் ஒரே மண்டைக்குள் இருக்கலாம். ஆனால் ஒரே நாளில் இரண்டையும் பயன்படுத்தினால் பெரும்பாலும் முதல் பார்வைதான் ஜெயிக்கும். தோல்வி இன்றிரவே வலிக்கும். சம்பளச் சுமை மூன்று வருஷம் கழித்துத்தானே வலிக்கும்!

இதற்கு டெட்ராய்ட் அணியைப் பாருங்கள். 2014-இல் ஸ்டான் வான் கண்டியிடம் பயிற்சியாளர், தலைவர் என்ற இரண்டு பதவிகளையும் கொடுத்தார்கள். அந்தப் பருவத்தின் தொடக்கம் 5 வெற்றி, 23 தோல்வி. டிசம்பரில் ஆட்டக்காரர் ஜாஷ் ஸ்மித்தை ஒப்பந்தம் முடியும் முன்பே விடுவித்தார். அணி உடனே தொடர்ந்து ஏழு ஆட்டம் ஜெயித்தது. பயிற்சியாளரின் கண் பொய் சொல்லவில்லை. ஆனால் ஸ்மித்துக்குத் தரவேண்டிய பாக்கியை ஆண்டுகளுக்குப் பரப்பி வைத்ததால், ஆடாத ஒருவர் பெயரில் ஆண்டுக்கு 50 லட்சம் டாலருக்கு மேல் 2019-20 வரை டெட்ராய்ட்டின் சம்பளப் பட்டியலில் உட்கார்ந்திருந்தது. வான் கண்டி 2018-லேயே போய்விட்டார். மினசோட்டாவில் டாம் திபடோவுக்கும் இரட்டைப் பதவி. தான் முன்பு பயிற்சி கொடுத்த சிகாகோ ஆட்களான ஜிம்மி பட்லர், கிப்சன், ரோஸ் என்று ஒவ்வொருவராகக் கூட்டி வந்தார். 2019 ஜனவரியில் இரண்டு பதவியும் ஒன்றாகப் போயின. கிளிப்பர்ஸில் டாக் ரிவர்ஸிடமிருந்து 2017-இல் நிர்வாகப் பதவியை எடுத்துவிட்டார்கள். இவர்கள் யாரும் கூடைப்பந்து தெரியாதவர்கள் இல்லை.

ஸ்டீவன்ஸ் செய்த முதல் புத்திசாலித்தனம், பெஞ்சை முழுதாக விட்டது. பதவியேற்ற சில நாட்களிலேயே முதல் டிரேட், அதாவது இன்னொரு அணியோடு ஆட்டக்காரர் பரிமாற்றம். கெம்பா வாக்கர், 2021 டிராஃப்டின் (புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் நிகழ்வு) 16-ஆம் தேர்வு, பின்னாளைய இரண்டாம் சுற்றுத் தேர்வு ஒன்று ஆகியவை ஓக்லஹோமாவுக்கு. அங்கிருந்து ஆல் ஹார்ஃபோர்டு, மோசஸ் பிரௌன், ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வு. வெளியிலிருந்து பார்த்தால் புரியாத பேரம்: நட்சத்திரத்தையும் கொடுத்து, முதல் சுற்றுத் தேர்வையும் கொடுத்து, 35 வயது ஆளை வாங்குவதா? கணக்கைப் பாருங்கள். முழங்கால் தொல்லை உள்ள வாக்கருக்கு இன்னும் இரண்டு ஆண்டில் 7.3 கோடி டாலருக்கு மேல் கொடுத்தாக வேண்டும். ஹார்ஃபோர்டின் முதல் ஆண்டுச் சம்பளம் 2.7 கோடி, இரண்டாம் ஆண்டின் 2.65 கோடியில் உத்தரவாதம் 1.45 கோடிதான். ஹார்ஃபோர்டு ஏற்கெனவே ஸ்டீவன்ஸிடம் ஆடியவர். வெளிவட்டத்திலிருந்து வீசும் பெரிய உடம்புக்காரரை எங்கே நிறுத்தவேண்டும் என்று ஸ்டீவன்ஸுக்குத் தெரியும். இதற்குக் கொடுத்த விலையும் சின்னதல்ல. அந்த 16-ஆம் தேர்வில்தான் அல்பெரென் ஷெங்குன் போனார். 2025-இல் ஆல் ஸ்டார் ஆனார். முதல் மூன்று டிராஃப்டுகளிலும் ஸ்டீவன்ஸ் முதல் சுற்றில் ஒருவரைக்கூட எடுத்து வைத்துக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இளைஞரை வளர்க்கும் பொறுமை இதில் இல்லை என்று குறை சொன்னால் மறுக்க முடியாது.

பயிற்சியாளரின் கண் எங்கே உதவியது என்றால், 2022 பிப்ரவரியில் டெரிக் வைட்டை சான் அன்டோனியோவிலிருந்து எடுத்ததில். ஜாஷ் ரிச்சர்ட்சன், ரோமியோ லாங்ஃபோர்டு, அந்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வு, 2028-இல் தேர்வை மாற்றிக்கொள்ளும் உரிமை என்று கனமான விலை. அப்போது வைட் மூன்று புள்ளி வீச்சில் பெயர் எடுத்தவர் அல்ல, புள்ளிக் கணக்கிலும் நட்சத்திரம் அல்ல. பந்து கைக்கு வந்ததும் அரை நொடியில் முடிவெடுப்பார். ஸ்கிரீனை, அதாவது எதிரணி ஆள் குறுக்கே நின்று போடும் தடுப்பை, சுற்றி வந்து பின்னாலிருந்து பந்தைத் தட்டுவார். இதெல்லாம் பயிற்சியாளர்கள் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் சமாச்சாரம். ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று ஆண்டு மீதி இருந்ததால் விலை தாங்கும்.

இனி 2023. இதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். அந்த ஆண்டு ஜூலையில் புதிய ஊதிய உடன்பாடு அமலுக்கு வந்தது. சம்பள உச்சவரம்பு, தாண்டினால் அணி வரி கட்டவேண்டிய ஆடம்பர வரிக் கோடு, அதற்கு மேல் முதல் ஏப்ரான் என்ற எல்லை, அதற்கும் மேல் இரண்டாவது ஏப்ரான். இரண்டாவது ஏப்ரானைத் தாண்டிய அணி 2024-25-லிருந்து இரண்டு ஆட்டக்காரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய சம்பளக்காரரை வாங்க முடியாது. டிரேடில் பணம் அனுப்ப முடியாது. ஏழு ஆண்டு தள்ளியுள்ள முதல் சுற்றுத் தேர்வு உறைந்துவிடும், அதாவது அதை டிரேடில் கொடுக்க முடியாது. பணம் கட்டினால் போதும் என்றிருந்த காலம் முடிந்தது; ஆட்களை மாற்றும் கையே கட்டப்படும்.

கதவு மூடுவதற்கு முன் ஸ்டீவன்ஸ் இரண்டு முறை உள்ளே போய் வந்தார். ஜூனில் வாஷிங்டன் அணியின் கிரிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸ். அவருடைய 3.6 கோடி டாலர் ஒப்பந்த ஆண்டை உறுதிசெய்ய நள்ளிரவு வரைதான் கெடு. கிளிப்பர்ஸையும் சேர்த்து முதலில் பேசிய மும்முனை டிரேட், செல்டிக்ஸ் அனுப்பவிருந்த மால்கம் பிராக்டனின் உடல்நிலை பற்றிய சந்தேகத்தால் அன்று மாலையே முறிந்தது. சில மணி நேரத்தில் கிளிப்பர்ஸுக்குப் பதில் மெம்ஃபிஸ், பிராக்டனுக்குப் பதில் மார்கஸ் ஸ்மார்ட். ஏழு பருவம் தன்னிடம் ஆடியவர், 2022-இன் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர், ரசிகர்களின் செல்லப்பிள்ளை. பெஞ்சில் இருந்திருந்தால் ஸ்டீவன்ஸே இதற்குச் சம்மதித்திருப்பாரா என்பது என் சந்தேகம். அந்தப் பேரத்தில் கோல்டன் ஸ்டேட்டின் 2024 முதல் சுற்றுத் தேர்வும் கையில் வந்தது. அக்டோபர் 1 அன்று அதே தேர்வு, தன் 2029 தேர்வு, பிராக்டன், ராபர்ட் வில்லியம்ஸ் எல்லாவற்றையும் போர்ட்லாண்டுக்குக் கொடுத்து ஜ்ரூ ஹாலிடேவை எடுத்தார். பிராக்டன் 2.25 கோடி, வில்லியம்ஸ் சுமார் 1.16 கோடி; கூட்டினால் 3.41. ஹாலிடே சுமார் 3.69. அந்த ஒரு பருவத்துக்கு மட்டும் அனுப்பும் சம்பளத்தைப் போல 110 சதவீதம் வரை வாங்கலாம் என்ற இடைக்கால விதி இருந்தது. கணக்கு உள்ளே அடங்கியது. அடுத்த ஆண்டு இதே டிரேடைச் செய்திருக்கவே முடியாது. 64 வெற்றி, 18 தோல்வி. 2024 ஜூனில் டல்லஸை 4-1 என வென்று 18-ஆவது பட்டம். சிறந்த நிர்வாகி விருதும் அந்த ஆண்டு அவருக்குத்தான்.

இடையில் ஒரு சோதனை. 2022 செப்டம்பரில், பயிற்சி முகாம் தொடங்கும் நேரத்தில், தலைமைப் பயிற்சியாளர் இமே உடோகாவை இடைநீக்கம் செய்யவேண்டி வந்தது. ஸ்டீவன்ஸே பெஞ்சுக்குத் திரும்புவார் என்று பேச்சு கிளம்பியது. திரும்பவில்லை. 34 வயது ஜோ மசூலாவிடம் அணியைக் கொடுத்தார். நிர்வாகத்துக்குப் போகும் பயிற்சியாளர் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: டைம் அவுட் எப்போது எடுப்பது என்று மேலே இருந்து ஒருமுறை சொல்லிவிட்டால், அதன் பிறகு ஆட்டக்காரர்கள் கீழே இருப்பவர் பேச்சைக் கேட்கமாட்டார்கள்.

2025-இல் கணக்கு திருப்பி அடித்தது. மே மாதம் அணியின் நட்சத்திரம் ஜேசன் டேட்டமின் குதிகால் தசைநார் அறுந்தது. 2025-26-க்கான சம்பளங்கள்: டேட்டம் 5.41 கோடி, ஜேலன் பிரௌன் 5.31, ஹாலிடே 3.24, போர்சிங்கிஸ் 3.07, வைட் 2.81. ஐந்து பேருக்கே 19.84 கோடி டாலர். ஆடம்பர வரிக் கோடு 18.79, இரண்டாவது ஏப்ரான் 20.78. மீதிப் பட்டியல் முழுவதற்கும் 94 லட்சம்தான் இடம். பெஞ்சிலிருந்து இறங்கும் சாம் ஹாசர் ஒருவருக்கே 1 கோடி! ஹாலிடே போர்ட்லாண்டுக்கும் போர்சிங்கிஸ் அட்லாண்டாவுக்கும் போனார்கள். பட்டம் தந்த ஐவரில் இருவர், ஒரே மாதத்தில்.

இப்படிப்பட்ட நேரத்தில்தான் பட்டியலின் அடிப்பகுதி முக்கியமாகிறது. பெரிய சம்பளக்காரர் யார் என்பது ஊருக்கே தெரியும். அதைச் சொல்ல பயிற்சியாளர் வேண்டாம். எட்டாவது ஆளிலிருந்து பதினைந்தாவது ஆள் வரை, அதற்குக் கீழே டூ-வே ஒப்பந்தக்காரர் (முதன்மை அணிக்கும் துணை லீக் அணிக்கும் மாறி மாறி ஆடுபவர்) மூவர் வரை, அங்கேதான் பெஞ்சில் இருந்தவரின் கண்ணுக்கு வேலை. அந்த ஹாசர் டிராஃப்டில் யாரும் எடுக்காதவர். 2021-இல் டூ-வே ஒப்பந்தத்தில் வந்தவர். நீமியாஸ் கெட்டாவை 2023 செப்டம்பரில் சாக்ரமென்டோ விடுவித்ததும் அதே டூ-வேயில் எடுத்தார்கள். ஹார்ஃபோர்டு, லூக் கோர்னெட் என்ற சென்டர்கள் இருவரும் வேறு அணிகளுக்குப் போன பின், 2025-26-இல் சென்டர் இடத்தில் தொடக்க ஐவரில் இறங்கியவர் அந்த கெட்டாதான்.