பாவாடை நாடாவுக்குக் கீழே ஒரு கறுப்புப் புள்ளி

[காட்சி: கார்த்திகை மாதக் காலை. ஈரம் காயாத வரப்பு. வரிசையாகக் குனிந்து களை எடுக்கும் பெண்கள்.]

ஒன்பது நாள் காய்ச்சல். வயசு 52. சர்க்கரைக்கு ஏழு வருஷமா மாத்திரை. கொள்ளிடக் கரையோர ஊர், களை எடுக்கப் போறவங்க. மகனோட வந்து என் மேசை மேல ஒரு மஞ்சப்பையை வச்சாங்க. உள்ள மூணு இடத்துல காட்டின சீட்டு, ரெண்டு தடவை எடுத்த ரத்த ரிப்போர்ட், ஒரு வயித்து ஸ்கேன். விடால் டெஸ்ட்டைப் பாத்துட்டு ஒரு சீட்டுல டைபாய்டுன்னு எழுதியிருந்துச்சு. ப்ளேட்லெட் 90,000 இருந்ததால இன்னொண்ணுல டெங்குவா இருக்கலாம்னு எழுதியிருந்துச்சு. அஞ்சு நாள் செஃப்ட்ரையாக்சோன்ங்கிற ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டாச்சு. காய்ச்சல் விடல.

"எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சுங்கம்மா. இன்னும் என்ன எடுக்கணும் சொல்லுங்க, எடுத்துடுறேன்"னாரு மகன். ஏற்கெனவே கடன் வாங்கித்தான் செலவு பண்ணியிருக்கார்னு அவர் பேச்சுலயே தெரிஞ்சுது.

அந்தப் பையில இருந்த எந்தச் சீட்டுலயும், அந்த அம்மாவோட உடம்பை யாராவது முழுசா பாத்ததா ஒரு வரி இல்ல.

[காட்சி: சின்ன கிளினிக் அறை. கதவு சாத்தப்படுகிறது. திரைச்சீலை இழுக்கப்படுகிறது.]

இந்த வீடியோவை டெல்டாவுல ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் சின்ன கிளினிக்லயும் வேலை பாக்கிற இளம் டாக்டர்களுக்காகவும், செவிலியர்களுக்காகவும் பண்றேன். வீட்டுல காய்ச்சல்காரங்க இருக்கிறவங்களும் தாராளமா பாருங்க. மருந்து அளவு வர்ற இடத்தை மட்டும் டாக்டர்கிட்ட விட்டுடுங்க, கடையில போய் நீங்களா வாங்க வேண்டாம்.

மகனை வெளிய உக்கார வச்சேன். சிஸ்டரை உள்ள கூப்பிட்டேன்.

"அம்மா, பாவாடை நாடாவைக் கொஞ்சம் தளர்த்துங்க. இடுப்பைச் சுத்திப் பாக்கணும்."

"காச்சலுக்கு அங்கன என்னம்மா இருக்கப் போவுது?"

முதல்ல தொடை இடுக்கைத் தொட்டுப் பாத்தேன். வலது பக்கம் நெறி கட்டியிருந்துச்சு, அழுத்தினா லேசா வலி. அப்போ அந்தப் பக்கத்துக் கால்ல, பின்பக்கத்துல, இல்லன்னா தொப்புளுக்குக் கீழ எங்கயோ விஷயம் இருக்கு. நாடாவோட தடம் இடுப்புல பள்ளமா பதிஞ்சிருந்துச்சு. அந்தத் தடத்துக்கு ஒட்டிக் கீழ, இடுப்பெலும்புக்குப் பக்கத்துல, ஒரு கறுப்புப் பொருக்கு. தோல் உரிக்காத உளுந்து ரெண்டை ஒட்டி வச்ச அளவு. சுத்தி ஒரு சிவந்த வளையம். சிகரெட் நுனியால சுட்ட மாதிரி இருக்கும்னு பாடத்துல படிச்சிருப்பீங்க, அதேதான்.

"வலிக்குதாம்மா?" "இல்ல." "அரிச்சுதா?" "இல்லையே. அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாதும்மா."

வலிக்காது, அரிக்காது. அதனால நோயாளி அதைச் சொல்லவே மாட்டாங்க. நாமதான் தேடணும்.

[திரையில் எழுத்து: ஸ்க்ரப் டைஃபஸ்]

இதைப் பத்திரிகையில உண்ணிக் காய்ச்சல்னு எழுதுறாங்க. அந்தப் பேரால ஒரு சிக்கல் இருக்கு. "எங்க வீட்டுல மாடும் கிடையாது, நாயும் கிடையாது, உண்ணி எப்படிங்க கடிக்கும்"னு கேக்குறாங்க. மாட்டு உண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. இதைப் பரப்புறது ஒரு சிலந்திப்பேன் வகையோட குஞ்சு. கால் மில்லிமீட்டருக்கும் கம்மியான அளவு, ஆரஞ்சு நிறம், ஆறு கால். புல்லு நுனியிலயும் புதர் ஓரத்துலயும் காத்துக்கிட்டு இருக்கும். வரப்பு எலி மேல ஏறும், எலி கிடைக்காம நாம போனா நம்ம மேல ஏறும். ஏறினதும் கடிக்காது. மேல நகர்ந்துக்கிட்டே வரும், துணி இறுக்கமா இருக்கிற இடத்துல நின்னுடும். பாவாடை நாடா, அரைஞாண் கயிறு, உள்ளாடை எலாஸ்டிக், ரவிக்கையோட கீழ் விளிம்பு. அங்கதான் வாயை வச்சு ரெண்டு மூணு நாள் ஒட்டிக்கிட்டு இருக்கும். அப்போ உள்ள போறதுதான் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷிங்கிற பாக்டீரியா. பேர் ஜப்பான்ல இருந்து வந்தது, ஆனா கிருமி நம்ம வரப்புலயும் இருக்கு.

கடிச்சு 6 நாள்ல இருந்து 21 நாளுக்குள்ள காய்ச்சல் வரும். அதனால "நேத்து எங்க போனீங்க"ன்னு கேட்டா விடை கிடைக்காது. "போன ரெண்டு மூணு வாரத்துல எங்கெங்க போனீங்க"ன்னு கேளுங்க. சம்பா களை எடுத்தீங்களா, ஆடு மேய்ச்சீங்களா, படுகைப் பக்கம் விறகு பொறுக்கினீங்களா, களத்துமேட்டுல வைக்கோல் மேல படுத்தீங்களா, துணியைப் புதர் மேல காயப்போட்டீங்களா. உளுந்து பறிக்கிறப்போ தரையோட தரையா உக்கார்ந்து நகர்ந்துக்கிட்டே போவாங்க, அதையும் கேளுங்க. வடகிழக்கு மழை ஆரம்பிச்சதுல இருந்து பனி முடியுற வரைக்கும், அதாவது ஐப்பசியில இருந்து மாசி வரைக்கும், தென்னிந்தியாவுல இது அதிகமா வர்ற காலம். டெங்குவுக்கும் அதேதான் சீசன். எலிக்காய்ச்சலுக்கும் அதேதான். குழப்பம் அங்கதான் ஆரம்பிக்குது.

[காட்சி: மேசையில் ரத்த ரிப்போர்ட்கள். ஒரு விரல் ப்ளேட்லெட் எண்ணின் மேல் நிற்கிறது.]

ப்ளேட்லெட் குறைஞ்சாலே டெங்குன்னு முடிவு பண்ற பழக்கம் நமக்கு ஆழமா ஊறிடுச்சு. ஸ்க்ரப் டைஃபஸ்லயும் ப்ளேட்லெட் குறையும், எலிக்காய்ச்சல்லயும் குறையும். டெங்குவுல பொதுவா வெள்ளை அணுவும் சேர்ந்து குறையும், காய்ச்சல் ஒரு வாரத்துக்குள்ள இறங்கிடும். காய்ச்சல் எட்டாம் நாள், ஒன்பதாம் நாள்னு போகுது, வெள்ளை அணு சாதாரணமா இல்ல கூடுதலா இருக்கு, கல்லீரல் என்சைம் ரெண்டு மூணு மடங்கு ஏறியிருக்குன்னா, டெங்குவை விட்டு வெளிய வந்து யோசிங்க. கண்ணுல பீளை இல்லாம வெறும் சிவப்பு, கெண்டைக்காலை அமுக்கினா அலறுறாங்க, மஞ்சக்காமாலை, சிறுநீர் குறையுதுன்னா எலிக்காய்ச்சல் பக்கம் போங்க. ரெண்டாவது வாரத்துல "காது அடைச்ச மாதிரி இருக்கு"ன்னு சொன்னா ஸ்க்ரப்பை மறக்காதீங்க. அந்தக் கிருமி செவி நரம்பையும் தொடும்.

டைஃபஸும் டைபாய்டும் காதுக்கு ஒரே மாதிரி கேக்குது, ஆனா வேற வேற நோய். விடால் டெஸ்ட்டுல பழைய தொற்று, மத்த காய்ச்சல்னு பலதுக்கும் பாசிட்டிவ் வரலாம், ஒரு தடவை எடுத்த விடாலை நம்பி முடிவு பண்ணக் கூடாது. அதைவிட முக்கியமானது இந்த ஊசி விஷயம். செஃப்ட்ரையாக்சோன் மாதிரி மருந்துங்க பாக்டீரியாவோட செல்சுவரைத்தான் தாக்கும். இந்தக் கிருமி நம்ம செல்லுக்குள்ள போய் உக்காந்துக்குது, அங்க அந்த மருந்து வேலை செய்யாது. அஞ்சு நாள் என்ன, பத்து நாள் போட்டாலும் காய்ச்சல் விடாது. நல்ல ஊசி போட்டும் காய்ச்சல் விடலைன்னா, இன்னும் பெரிய ஊசியைத் தேடுறதுக்கு முன்னாடி பாவாடை நாடாவைத் தளர்த்திப் பாருங்க.

எங்கெங்க பாக்கணும்னா: அக்குள், மார்புக்கு அடியில, இடுப்பைச் சுத்தி, தொடை இடுக்கு, பிறப்புறுப்பு, பின்பக்கம், முழங்காலுக்குப் பின்னாடி, காதுக்குப் பின்னாடி, தலைமுடிக்குள்ள. வேர்வை ஊறுற இடத்துல சில சமயம் கறுப்புப் பொருக்கு இருக்காது, வெளிறின ஆழமில்லாத புண்ணா மட்டும் இருக்கும். அதைப் படைன்னு நெனச்சுத் தாண்டிப் போயிடுவோம். நெறி எங்க கட்டியிருக்குன்னு தெரிஞ்சா தேடுற வேலை பாதியா குறையும். ஆண் டாக்டருங்க தயங்குறது எனக்குப் புரியுது. பெண் நோயாளின்னா சிஸ்டரைப் பாக்கச் சொல்லுங்க, அவங்ககிட்ட எதைத் தேடணும்னு ஒரு படம் காட்டி வச்சிருங்க. மூணு நிமிஷத்துக்கு மேல ஆகாது.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. படிப்பு முடிச்ச புதுசுல ஒரு வார்டுல வேலை பாத்தேன். இருபது சொச்சம் வயசுப் பையன், காய்ச்சல், மூச்சு வாங்குது. நெஞ்சு எக்ஸ்ரே, ரத்தம், கல்ச்சர்னு எல்லாம் அனுப்பினேன். சட்டையைத் தூக்கி நெஞ்சுல ஸ்டெதஸ்கோப் வச்சேன், ஆனா கையைத் தூக்கச் சொல்லிப் பாக்கல. மூணாவது நாள் வென்டிலேட்டர்ல இருந்த அவனுக்கு ஈரத்துணியால உடம்பு துடைச்ச சிஸ்டர்தான் வந்து கூப்பிட்டாங்க. இடது அக்குள்ல இருந்துச்சு. பிழைச்சான். ஆனா மூணு நாள் அது என் கைக்கெட்டுற தூரத்துலதான் இருந்துச்சுங்கிறது இன்னும் உறுத்துது.

எல்லார்கிட்டயும் அந்தப் புண் கிடைக்காது. நம்ம மாநிலத்து ஆய்வுகள்லயே ஏறக்குறைய பாதிப் பேர்கிட்டதான் பாத்திருக்காங்க. புண் இல்லன்னா ஸ்க்ரப் இல்லன்னு ஆகாது. ஐஜிஎம் எலிசாங்கிற ரத்தப் பரிசோதனை எடுக்கலாம், ஆனா முதல் வாரத்துல எடுத்தா நெகட்டிவா வர வாய்ப்பு உண்டு. பழைய வெய்ல்-ஃபீலிக்ஸ் டெஸ்ட் நிறையப் பேரைத் தவற விடும். சந்தேகம் பலமா இருந்தா ரிசல்ட்டுக்காகக் காத்திருக்காம மருந்தை ஆரம்பிங்க.

[திரையில் எழுத்து: டாக்ஸிசைக்ளின் 100 மி.கி., காலை – இரவு, 7 நாள்]

பெரியவங்களுக்கு டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, ஏழு நாள். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் 500 மில்லிகிராம், தினம் ஒண்ணு, அஞ்சு நாள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட 2015 வழிகாட்டுதல் இதைத்தான் சொல்லுது. லேசான எலிக்காய்ச்சலுக்கும் டாக்ஸிசைக்ளின் கேக்கும்ங்கிறது நமக்குச் சாதகம். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு முழு டம்ளர் தண்ணியோட விழுங்கச் சொல்லுங்க, உடனே படுக்க வேண்டாம். ஒரு மடக்குத் தண்ணியில விழுங்கிட்டுப் படுத்தா உணவுக்குழாயில ஒட்டிப் புண்ணாக்கும். இரும்புச்சத்து மாத்திரை, வயித்தெரிச்சலுக்குக் குடிக்கிற ரோஸ் கலர் மருந்து ரெண்டையும் இதோட சேர்த்து எடுத்தா மருந்து உடம்புல சரியா ஏறாது, சில மணி நேரம் தள்ளிக் கொடுங்க.

சரியான நோயா இருந்தா 48 மணி நேரத்துக்குள்ள காய்ச்சல் இறங்கும். இறங்கலைன்னா நோயைத் திரும்ப முதல்ல இருந்து யோசிங்க.

[காட்சி: நோயாளியின் மார்பு ஏறி இறங்குகிறது. சுவரில் கடிகாரம்.]

இப்போ, இவங்களை நம்ம கிட்டயே வச்சுக்கலாமா, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணுமா? ஒரு நிமிஷம் முழுசா மூச்சை எண்ணுங்க. அரை நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்க வேண்டாம். 22-க்கு மேல போனா, ஆக்ஸிஜன் 94-க்குக் கீழ போனா, மேல் பிபி 100-க்குக் கீழ போனா, பேச்சு குழறினா, காலையில இருந்து சிறுநீர் போகலைன்னா, அனுப்புங்க. அனுப்புறதுக்கு முன்னாடி முதல் வேளை டாக்ஸிசைக்ளினைக் கொடுத்துட்டு அனுப்புங்க. 108 வண்டி வந்து, தஞ்சாவூர் போய், அங்க அட்மிஷன் போட்டு, டெஸ்ட் எடுத்து மருந்து ஆரம்பிக்கிறதுக்குள்ள பல மணி நேரம் ஓடிடும். வாந்தி எடுக்கிறவங்களுக்கும் மயக்கமா இருக்கிறவங்களுக்கும் மட்டும் மாத்திரை வேண்டாம், அவங்களுக்கு நரம்பு வழியா போகணும். நிலைமை மோசமானவங்களுக்கு டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் ரெண்டையும் சேர்த்து நரம்பு வழியா கொடுத்தா, தனித்தனியா கொடுக்கிறதை விட நல்லா கேக்குதுன்னு வேலூர் சி.எம்.சி. தலைமையில இந்தியாவுல நடந்த ஆய்வு 2023-ல வெளிவந்துச்சு.

ட்ரிப்ஸ் பத்தியும் சொல்லிடுறேன். நம்ம ஊர்ல "ரெண்டு பாட்டில் ஏத்துங்கம்மா, தெம்பு வரும்"னு அவங்களே கேப்பாங்க. இந்த நோய் ரத்தக்குழாயோட உட்சுவரைத் தாக்குது, குழாய் கசியும். பிபி நல்லா இருக்கிறவங்களுக்கு அவசரமா நாலு பாட்டில் ஏத்தினா அந்தத் தண்ணி நுரையீரல்ல போய் நிக்கும். வாயால குடிக்க முடிஞ்சா கஞ்சி, இளநீர், உப்புக் கரைசல் போதும். வலிக்கு டைக்ளோஃபினாக் ஊசி வேண்டாம், ஏற்கெனவே தடுமாறுற சிறுநீரகத்தை அது இன்னும் கெடுக்கும். பாராசிட்டமால் போதும்.

அந்த அம்மாவுக்கு இன்னொரு முடிச்சும் இருந்துச்சு. சர்க்கரை 340. முந்தின இடத்துல காய்ச்சல் விடுறதுக்காக டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தாங்க. ஸ்டீராய்டு போட்டா ஒரு நாள் காய்ச்சல் அடங்கின மாதிரி இருக்கும், சர்க்கரை எகிறும், நோய் உள்ள நகர்ந்துக்கிட்டே இருக்கும். சரியா சாப்பிடல, சிறுநீரகத்தோட நிலையைக் காட்டுற கிரியாட்டினின் 1.6. அதனால சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை நிறுத்தி, சில நாளைக்கு இன்சுலின் கொடுத்தேன். மூச்சு 20, ஆக்ஸிஜன் 97, பிபி 110. கூட ஆள் இருந்தாங்க, வீடு நாலு கிலோமீட்டர்தான். வீட்டுக்கு அனுப்பினேன், ஆனா தினமும் வந்து காட்டணும்னு மகன்கிட்ட ரெண்டு தடவை சொல்லி, மூச்சு வாங்கினா நடு ராத்திரின்னாலும் 108-க்குப் போன் பண்ணுங்கன்னு சீட்டுல எழுதிக் கொடுத்தேன்.

ரெண்டாம் நாள் சாயங்காலம் காய்ச்சல் 99-க்கு வந்துச்சு. மூணாம் நாள் காலையில ரசஞ்சாதம் சாப்பிட்டேன்னாங்க. ஏழு நாளும் மாத்திரையை முடிக்கணும், காய்ச்சல் விட்டுச்சேன்னு நாலாம் நாளே நிறுத்தக் கூடாதுன்னு சொல்லி அனுப்பினேன். "உங்க கூடக் களை எடுத்தவங்க யாருக்காவது காய்ச்சலா"ன்னும் கேட்டேன். யோசிச்சுப் பாத்துட்டு, தெரியலைன்னாங்க.

[காட்சி: கிளினிக் வாசல். வெயில். இரண்டு பெண்கள் படியேறி வருகிறார்கள்.]

அடுத்த திங்கக்கிழமை வந்தாங்க. கூட இன்னொரு பொண்ணு, காய்ச்சல்ல முகம் வாடி, போர்வையைச் சுத்திக்கிட்டு. நான் கேக்குறதுக்கு முன்னாடியே திரைச்சீலையை அவங்களே இழுத்து விட்டாங்க.

"இவளும் எங்க கூட்டத்துல களை எடுத்தவதாம்மா. ராத்திரி டார்ச் அடிச்சு நானே பாத்துட்டேன். ரவிக்கைக்குக் கீழ, முதுகுப் பக்கம் இருக்கு. திரும்புடி, அம்மா பாக்கட்டும்."