இரும்புக்கையை வரைந்த கைகள்

(மதுரையில் வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேராவது இரும்புக்கை மாயாவி காமிக்ஸைப் படித்திருப்பீர்கள். மீதிப் பேர், அண்ணனோ மாமாவோ பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்ததைப் பார்த்திருப்பீர்கள். சரி, அந்த மாயாவியை வரைந்தவர் யார் என்று தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். நாலைந்து கைகள்தான் தெரிகின்றன. இதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

அவர் பெயர் ஹெசுஸ் பிளாஸ்கோ. 1919இல் பார்சிலோனாவில் பிறந்தவர். 1962 அக்டோபரில் பிரிட்டனில் வேலியண்ட் என்ற வார இதழ் தொடங்கியது. அதன் முதல் இதழிலேயே இந்தத் தொடர் ஆரம்பமாகிவிட்டது. எழுதியவர் கென் புல்மர், அறிவியல் புனைகதைக்காரர். பின்னால் டாம் டல்லி எழுதினார். நாம் மாயாவி என்று அழைக்கும் ஆய்வக உதவியாளன் லூயிஸ் கிராண்டலுக்கு வலது கை இல்லை. அந்த இடத்தில் இரும்புக்கை. ஒரு விபத்தில் உயர் அழுத்த மின்சாரம் உடம்பில் பாய்கிறது. உடம்பு மறைந்துபோகிறது, கை மட்டும் தெரிகிறது. முதலில் அவன் நல்லவன் இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். கிடைத்த சக்தியைத் தப்பு வழியில்தான் பயன்படுத்தினான். உளவாளியாகி நமக்கு நாயகன் ஆனதெல்லாம் அப்புறம்தான்.

பிளாஸ்கோவின் பக்கங்களை இன்றைக்கு எடுத்துப் பாருங்கள். ஆளில்லாத அறை, பாதி இருட்டு, கதவுக் குமிழை நோக்கி நகரும் ஒற்றைக் கை. வண்ணமே தேவைப்படவில்லை. கறுப்பு மையையும் வெற்றுத் தாளையும் வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத மனிதனை நாம் பார்க்கும்படி செய்தார். மட்டமான செய்தித்தாள் காகிதத்தில் அச்சிட்டாலும் அந்தக் கோடுகள் நின்றன. சிவகாசியில் முத்து காமிக்ஸ் என்ற தமிழ் இதழைத் தொடங்கிய சௌந்தரபாண்டியன் 1972இல் முதல் இதழாக இந்தக் கதையை எடுத்தது சரியான தேர்வு என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

இன்னொரு காரணமும் எனக்குத் தோன்றுகிறது. உசிலம்பட்டிப் பக்கமும் மேலூர்ப் பக்கமும் பல கிராமங்களில் மின்சாரம் நுழைந்து அப்போது அதிகக் காலம் ஆகவில்லை. பம்புசெட்டு மோட்டாரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று பெரியவர்கள் மிரட்டி வைத்திருந்த காலம். அந்த ஷாக்கை வாங்கிக்கொண்டு மறைந்துபோகிற ஒருவன் வருகிறான் என்றால் பையன்கள் விடுவார்களா? லண்டன் சிறுவனைவிட நம் ஊர்ச் சிறுவனுக்குத்தான் அந்தக் கற்பனை கூடுதலாகப் பிடித்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஆர்ச்சியையும் சொல்ல வேண்டும். 1952இலேயே பிரிட்டனின் லயன் இதழில் பிறந்த இரும்பு ரோபோ. பிற்பாடு அவன் ஏறிப் போன கால யந்திரம் ஒரு கோட்டை வடிவில் இருக்கும். 1840களில் கோட்டையை இடித்து வெளிவீதி போட்ட ஊர்க்காரர்கள் நாம். ஒரு கோட்டை காலத்தைத் தாண்டிப் பறந்து வருவதை மதுரைக்காரன் ரசித்ததில் ஆச்சரியமே இல்லை.

அப்புறம் ஸ்பைடர். இவனும் பிரிட்டனில் பிறந்தவன்தான். 1984இல் விஜயன் சிவகாசியில் தொடங்கிய தமிழ் லயன் காமிக்ஸின் பெரிய நட்சத்திரம். குற்றவாளிகளின் சக்கரவர்த்தி ஆக வேண்டும் என்று கிளம்பி, பிறகு குற்றவாளிகளையே வேட்டையாடியவன். ரெக் பன் வரைந்தார். தொடங்கிவைத்தவர் டெட் கோவன். அவருக்குப் பிறகு அதை எழுதியவர் யார் தெரியுமா? ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர்! 1938இல் அவரும் ஓவியர் ஜோ ஷூஸ்டரும் சூப்பர்மேன் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். உரிமைக்காகப் பல ஆண்டு வழக்காடினார்கள். அமெரிக்காவில் வேலை கிடைக்காத நாட்களில் சீகல் பிரிட்டிஷ் வார இதழுக்கு எழுதினார். அதுதான் சுற்றிச் சுற்றி சிவகாசி வழியாக நம் கைக்கு வந்தது. சூப்பர்மேன் முதன்முதலில் வந்த அந்த 1938 இதழின் ஒரு பிரதி 2024இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. 130 டாலரையும் இந்தத் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இதனால்தான் சேகரிப்பைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகப் பேசுகிறேன். பழைய முத்து இதழ்களுக்கும் இப்போது ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்கள். விற்பதும் வாங்குவதும் தப்பில்லை. ஆனால் பீரோவில் பூட்டி வைத்துவிட்டு "என்னிடம் இருக்கிறது" என்று சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். பிரிட்டிஷ் வார இதழ்களில் ஓவியர் பெயரும் எழுத்தாளர் பெயரும் பெரும்பாலும் அச்சாகாது. ரசிகர்கள் பின்னால் கோடுகளை ஒப்பிட்டு, வாழ்ந்துகொண்டிருந்தவர்களிடம் விசாரித்துப் பெயர்களை மீட்டார்கள். அதே வேலை நம் பக்கம் பாக்கி கிடக்கிறது. நம் அட்டைப்படங்களில் பல சிவகாசியிலேயே வரையப்பட்டவை. வசனத்தைத் தமிழாக்கியவர்கள், அதைக் கட்டத்துக்குள் பொருத்தியவர்கள், அச்சகத்தில் நின்றவர்கள் என்று எத்தனை பேர்! அவர்களில் பலர் இன்னும் இங்கிருந்து இரண்டு மணி நேரப் பேருந்துத் தொலைவில் இருக்கலாம். வயதாகிக்கொண்டிருக்கிறது. போய்ப் பாருங்கள், பேசுங்கள், எழுதி வையுங்கள்.

காகிதமும் காத்திருக்காது. மரக்கூழ்க் காகிதத்தில் இருக்கிற லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பாகும், அமிலம் ஊறும், மடித்தால் உடையும். மதுரை வெயில் அதை வேகப்படுத்துகிறது. மொட்டை மாடி அறையில் தகர ஷீட்டுக்குக் கீழே பெட்டியை வைக்காதீர்கள். கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். பசை மஞ்சளாகி எழுத்தையும் தின்றுவிடும். லாமினேஷன் வேண்டாம், பிறகு பிரிக்கவே முடியாது. துருப்பிடித்த ஸ்டேப்பிள் பின்னைப் பொறுமையாக எடுத்துவிட்டு நூலால் தைத்துக்கொள்ளலாம். பைண்டிங்குக்குக் கொடுத்தால் ஓரத்தை வெட்ட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள், கட்டத்தின் விளிம்பு போய்விடும். கரையானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் எதிராக நாம் செய்யக்கூடியது, மாதம் ஒரு முறையாவது எடுத்துத் தட்டிப் புரட்டுவதுதான். படித்துக்கொண்டே புரட்டினால் இன்னும் நல்லது.

வாடகை நூலகத்தின் ரப்பர் ஸ்டாம்பு, பழைய சொந்தக்காரன் எழுதிய பெயர், வாசகர் கடிதப் பக்கம், விளம்பரம் எல்லாம் இருக்கிற பிரதியை "அழுக்குப் பிரதி" என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதுதான் முதலில் வேண்டும். எந்த ஊரில், யார் கையில், எந்த வருஷம் இருந்தது என்று அதுதான் சொல்லும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்களிடம் இருக்கிற பழைய இதழ்களை, அட்டை இல்லாவிட்டாலும் சரி, கொண்டு வாருங்கள். ஸ்கேனரை நான் கொண்டு வருகிறேன். உள்ளட்டை, கடிதப் பக்கம், அச்சகத்தின் பெயர் இருக்கிற பக்கம், இந்த மூன்றையும் முதலில் பதிவு செய்துகொள்வோம். புத்தகம் அன்றைக்கே உங்கள் கைக்குத் திரும்பிவிடும்.