அலைக்கழிப்பே!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் நிறைந்திருக்கும் பாட்டுப் பிரியர்களே, வணக்கம்.

'ஆங்கிலப் பாடல்களில் வீசும் காற்று தருவது ஆறுதலா, அலைக்கழிப்பா?' என்பது தலைப்பு. எனக்கு முன் பேசிய நண்பர் 'சம்மர் பிரீஸ்' பாட்டை எடுத்துவைத்தார். சீல்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் 1972-இல் பாடியது. வேலை முடிந்து களைத்து வருகிறவனுக்குச் சமையலறையில் ஒரு சிரிப்பு காத்திருக்கிறது, இரண்டு பேருக்குத் தட்டு வைத்தாயிற்று, மல்லிகை வழியே காற்று வருகிறது. அருமையான பாட்டு. அதை எதிரணிக்கே விட்டுத்தருகிறேன்.

ஆனால் ஃபிராங்க் சினாட்ராவின் 'சம்மர் விண்ட்' பாட்டையும் அதே கணக்கில் சேர்த்தாரே, அதற்கு என் மனசு ஒப்பவில்லை. மெட்டு ஜெர்மனியிலிருந்து வந்தது, ஆங்கில வரிகள் ஜானி மெர்சருடையவை, சினாட்ரா பாடியது 1966-இல். நெல்சன் ரிடிலின் இசையில் அந்த ஆர்கன் நிதானமாக அசைந்து வரும்போது கடற்கரையில் உட்கார்ந்திருப்பதுபோலத்தான் இருக்கும். சரி, வரிகளைக் கேளுங்கள். கடல் தாண்டி வந்த காற்று அவள் கூந்தலைத் தொடுகிறது. அவன், அவள், காற்று, மூவருமாகக் கோடை முழுக்கத் திரிகிறார்கள். அப்புறம் அவள் இல்லை. அந்தக் காற்றிடமே அவளைத் தோற்றுவிட்டதாகச் சொல்கிறான். இலையுதிர்காலக் காற்று வந்து போகிறது, குளிர்காலக் காற்று வந்து போகிறது, அவனுக்கு இரவு மட்டும் முடிவதில்லை. இவ்வளவு இதமான மெட்டில் இதைக் கேட்கும்போது வலி கூடுகிறதே தவிர, குறையவில்லை.

பெட் மிட்லர் பாடி 1989-இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த 'விண்ட் பினீத் மை விங்ஸ்' நன்றிப் பாட்டு என்றார்கள். நன்றிதான். ஆனால் 'பீச்சஸ்' படத்தில் அது எங்கே ஒலிக்கிறது? தோழி கண்மூடும் இடத்தில். நன்றியைக் கேட்க வேண்டியவள் போய்ச்சேர்ந்துவிட்டாள்.

ஜெர்மன் ராக் குழுவான ஸ்கார்பியன்ஸின் 'விண்ட் ஆஃப் சேஞ்ச்'? 1989 ஆகஸ்டில் மாஸ்கோவில் நடந்த இசை விழாவுக்குப் போய்வந்த அக்குழுவின் பாடகர் கிளாஸ் மைனே எழுதியது. நம்பிக்கை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பனிப்போர் ஓய்ந்து ஒரு காலமே புரண்டுகொண்டிருந்தபோது எழுந்த நம்பிக்கை அது. அந்தச் சீட்டியொலியில் படபடப்பும் சேர்ந்தே கேட்கிறது.

நான் மிகவும் நேசிக்கும் பாட்டுக்கு வருகிறேன். கனடாவின் இயான் டைசன் எழுதி, இயான் அண்ட் சில்வியா ஜோடி பாடிய 'ஃபோர் ஸ்ட்ராங் விண்ட்ஸ்'. பிழைப்புத் தேடி ஊர் ஊராகப் போகும் ஒரு தொழிலாளி. உறவு முறிந்துவிட்டது, ஆல்பர்ட்டாவுக்குக் கிளம்பப் போகிறான். அங்கே வேலை கொடுக்க நண்பர்கள் இருக்கிறார்கள், எல்லாம் நல்லபடி அமைந்தால் வண்டிச் செலவுக்குப் பணம் அனுப்புகிறேன், நீயும் வந்துவிடு என்கிறான். சொன்ன வாய் மூடுவதற்குள், ஆனால் அதற்குள் குளிர்காலம் வந்துவிடும், உனக்கு அங்கே பெரிதாக வேலை இருக்காது, அந்தப் பக்கம் காற்று ரொம்பக் குளிராக அடிக்கும் என்று அவனே இழுக்கிறான். கூப்பிடவும் மனசு, வரமாட்டாள் என்றும் தெரியும். அந்தத் தயக்கத்தை அவன் வேறெப்படிச் சொல்வான்? பழியைக் காற்றின்மேல் போடுகிறான். வாடையையும் பிரிவையும் சேர்த்தே பாடிய நம் மக்களுக்கு இது நன்றாகவே புரியும். 2005-இல் கனடாவின் சிபிசி வானொலி நேயர்கள் தங்கள் நாட்டின் தலைசிறந்த பாடலாக இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். மல்லிகை மணக்கும் காற்றை அல்ல, குளிர்ந்து அடிக்கும் காற்றை!

டைசனுக்கு இப்படி எழுதத் தூண்டுதலாக இருந்தவர் அமெரிக்கப் பாடகர் பாப் டிலன். டிலன் 1962-இல் எழுதிய 'புளோயிங் இன் த விண்ட்' பாட்டின் மெட்டுக்கு வேர், அமெரிக்காவில் அடிமைகளாக விற்கப்பட்ட கறுப்பின மக்களின் 'நோ மோர் ஆக்ஷன் பிளாக்' பாட்டில் இருக்கிறது. ஏலமேடை இனி வேண்டாம் என்ற குரல் அது. 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில், மார்ட்டின் லூதர் கிங் பேசிய அதே பேரணியில், பீட்டர், பால் அண்ட் மேரி குழு டிலனின் பாட்டைப் பாடியது. உரிமை கேட்டு வந்த லட்சக்கணக்கானோர் முன்னால், மனிதர் சுதந்திரம் பெற இன்னும் எத்தனை ஆண்டுகள் என்ற கேள்வி ஒலித்தது. அவர்களைத் தட்டிக்கொடுத்துத் தூங்கவைக்கவா அந்தப் பாட்டு?

நடுவர் அவர்களே, அதில் மூன்று சரணங்கள், சரணத்துக்கு மூன்றாக ஒன்பது கேள்விகள். ஒன்றுக்கும் பாட்டு பதில் சொல்வதில்லை, காற்றைத்தான் கைகாட்டுகிறது. எனக்கு அடுத்து வரும் எதிரணி நண்பர் அந்த ஒன்பதில் ஒரே ஒரு கேள்விக்காவது காற்று என்ன பதில் தந்தது என்று இந்த மேடையில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.