ட்ரம்ஸ் தேவை

நேயர்களுக்கு வணக்கம்.

1999-ஆம் வருடம், கோடைக்காலம். திருச்சியில் ஓர் இசைக்கருவிக் கடையின் கண்ணாடிக் கதவில் நானும் என் நண்பனும் ஒரு ஜெராக்ஸ் தாளை ஒட்டினோம். 'பேஸ் கிட்டார், ட்ரம்ஸ் தேவை. உடனே தொடர்பு கொள்ளவும்' என்று எழுதி, நண்பன் வீட்டுத் தொலைபேசி எண்ணையும் போட்டிருந்தோம். இசைக்குழு என்ற வார்த்தையை எழுத மறந்துவிட்டோம். கடையே இசைக்கருவிக் கடைதானே, அப்புறம் அதை வேறு எழுத வேண்டுமா என்ற நினைப்பு.

மூன்றாம் நாள் அரியமங்கலத்திலிருந்து ஒருவர் பேசினார். "எத்தனை ட்ரம்மு வேணும்? 200 லிட்டரா, சின்னதா?" போனை எடுத்தது நண்பனின் அம்மா. அவர்கள் தெருவில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்துகொண்டிருந்த நேரம். அவர் விலை கேட்டு, பேரம் பேசி, நீல நிறத்தில் ஒன்றை வாங்கியே விட்டார். எங்கள் குழுவுக்கு வந்து சேர்ந்த முதல் ட்ரம் அதுதான்.

அதற்கப்புறம் ஒன்பது பேர் பேசினார்கள். ஆறு பேர் பாடகர்கள். மூன்று பேர் கிட்டார், அதுவும் முன்னால் நின்று தனியாக வாசித்துக் கைதட்டு வாங்கும் லீட் கிட்டார். பேஸ் வாசிப்பவர் ஒருவர்கூட இல்லை. ட்ரம்ஸ் வாசிப்பவரும் இல்லை. "தாளில் தெளிவாகப் போட்டிருக்கிறோமே" என்று ஒரு பாடகரிடம் கேட்டதற்கு, "அதெல்லாம் கிடைச்சதும் பாட ஆள் வேணும்ல?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

ட்ரம்ஸ் வாசிக்க ஏன் ஆள் கிடைப்பதில்லை? திறமைக்கு இங்கே பஞ்சமே இல்லை. எங்கள் வகுப்பில் பெஞ்சில் தாளம் தட்டத் தெரியாத பையன் ஒருவன்கூடக் கிடையாது. ஆனால் கிட்டாரை உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறிவிடலாம். ட்ரம் செட்டை எந்தக் கண்டக்டர் ஏற்றுவார்? வீட்டில் வைக்க ஓர் அறை வேண்டும், வாசித்தால் பொறுத்துக்கொள்ளும் பக்கத்து வீடு வேண்டும், கச்சேரிக்குக் கொண்டுபோக ஒரு வண்டி வேண்டும். இத்தனையும் வாய்த்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தால் அதிகம். அந்த நாலு பேரும் ஏற்கெனவே ஆளுக்கு மூன்று குழுவில் இருப்பார்கள்.

பாட்டுக்கு அடியில் கனமான, தாழ்ந்த ஸ்வரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாரின் கஷ்டம் வேறு மாதிரி. அது இருக்கும்போது யாருக்கும் காதில் தனியாக விழாது. நின்றால்தான் பாட்டில் என்னவோ குறைகிறதே என்று தோன்றும். இளையராஜா பாடல்களில் பேஸ் மட்டும் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போகும். அதைக் கவனித்துக் கேட்டு, 'எனக்கு இதுதான் வேண்டும்' என்று கடைக்குப் போகிற பையன் அபூர்வம். கடைக்காரர் எடுத்துக் காட்டினாலும், "நாலு கம்பிதானா?" என்று கேட்டுவிட்டு ஆறு கம்பியை வாங்கிக்கொண்டு வந்துவிடுவான். நானும் அப்படி வந்தவன்தான். ரிதம் கிட்டார்.

எங்களுக்கு மட்டும்தான் இந்தத் தலைவிதி என்று நெடுநாள் நினைத்திருந்தேன். பிறகு பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்து இசைக்குழுவைப் பற்றிப் படித்தபோது மனசு கொஞ்சம் ஆறியது. லிவர்பூலில் ஒரு தேவாலயத் திருவிழாவில் 1957 ஜூலை 6 அன்று ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் சந்தித்தார்கள் என்பது எல்லோரும் சொல்லும் கதை. அடுத்த வருடம் ஜார்ஜ் ஹாரிசனும் வந்துவிட்டார். சரி, மூன்று பேர் ஆயிற்று. மூன்று பேரும் கிட்டார்! 1959-இல் அவர்களுக்கென்று நிலையான ட்ரம்மரே இல்லை. 'ட்ரம்ஸ் எங்கே?' என்று கேட்பவர்களிடம், தாளம் எங்கள் கிட்டாரிலேயே இருக்கிறது என்று சமாளித்திருக்கிறார்கள். இதே பதிலை நாங்களும் ஒரு வரவேற்பு நிகழ்ச்சியில் மாப்பிள்ளையின் சித்தப்பாவிடம் சொன்னோம். அவர் நம்பவில்லை.

பேஸுக்கு அவர்கள் பிடித்த ஆள் ஓர் ஓவியர். ஸ்டூவர்ட் சட்க்ளிஃப், லெனனின் கலைக் கல்லூரித் தோழர். அவருடைய ஓவியம் ஒன்று 65 பிரிட்டிஷ் பவுண்டுக்கு விற்றது. கையில் காசு இருக்கிறது, பேஸ் வாங்கு என்று நண்பர்கள் சொல்ல, வாங்கினார். வாசிக்கத் தெரியாது, வாங்கிய பிறகுதான் கற்றுக்கொண்டார். 1960 ஆகஸ்டில் ஹாம்பர்க் நகரத்துக்குக் கச்சேரி அழைப்பு வந்தபோதும் ட்ரம்மர் இல்லை. கிளம்புவதற்குச் சில நாள் முன்பு பீட் பெஸ்ட் என்பவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அவரிடம் சொந்த ட்ரம் செட் இருந்தது. உலகத்தின் மிகப் பெரிய குழுவே யாரிடம் என்ன கருவி இருக்கிறது என்று பார்த்துத்தான் உருவாகியிருக்கிறது.

அயர்லாந்தின் டப்ளினில் நடந்தது நேர்மாறு. 1976-இல் லாரி முல்லன் என்ற பதினான்கு வயதுப் பையன் தன் பள்ளி அறிவிப்புப் பலகையில் குழுவுக்கு ஆள் வேண்டும் என்று எழுதிப் போட்டான். வந்தவர்கள் அவன் வீட்டுச் சமையலறையில் கூடினார்கள். அன்று வந்தவர்களில் மூன்று பேரும் அவனும்தான் பின்னாளில் யூ2 என்ற புகழ்பெற்ற குழு ஆனார்கள். இதில் கவனிக்க வேண்டியது, எழுதிப் போட்ட பையனே ட்ரம்மர். ட்ரம்ஸ் வாசிப்பவனே ஆள் தேடக் கிளம்பிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. கிட்டார்காரர்கள் அவன் வீட்டு வாசலில் வரிசையில் நிற்பார்கள். அமெரிக்காவில் மெட்டாலிகா என்ற ராக் குழு இன்னும் ஒரு படி மேலே போனது. கிளிஃப் பர்ட்டன் என்ற பேஸ் கலைஞர் லாஸ் ஏஞ்சலிஸுக்கு வர மாட்டேன் என்று சொல்ல, 1983-இல் மொத்தக் குழுவும் ஊரைக் காலி செய்துகொண்டு சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் குடிபோய்விட்டது.

நம் ஊரில் இந்தத் தேடல் பழைய காலத்தில் அவ்வளவாக இருந்ததில்லை. நாகஸ்வர செட்டில் அண்ணனும் தம்பியும் வாசிப்பார்கள். தவிலுக்கு மைத்துனரோ மாமன் மகனோ வருவார். திருவீழிமிழலை சகோதரர்கள் போல எத்தனை சகோதரர்கள்! மெல்லிசையிலும் அதுதான். பாவலர் வரதராஜன் ஊர் ஊராகக் கச்சேரி செய்தபோது கூட வாசித்தவர்கள் அவருடைய தம்பிகள் பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரன். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தால் ரிகர்சலுக்கு ஆள் வரவில்லை என்ற பேச்சே எழாது. முன்பின் தெரியாத நாலு பேர் தாளில் எண்ணைப் பார்த்து ஒன்றுசேர்வது என்பது நமக்குப் புதுசு. என் பாட்டியிடம் 'பேண்டு ஆரம்பிக்கப் போறேன்' என்று சொன்னபோது, சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஊர்வலத்தில் க்ளாரினெட் ஊதப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "படிச்சு முடிச்சிட்டுப் போயேண்டா" என்றார்.

கடைசியில் எங்களுக்கு ஓர் அண்ணன் கிடைத்தார். ஆர்கெஸ்ட்ராக்களில் பேட் எனும் மின்னணு ட்ரம் வாசிப்பவர், தபலாவும் தெரியும். அபாரமான கை. ஆனால் முகூர்த்த நாளென்றால் ஆள் கிடைக்க மாட்டார். தை, வைகாசி, ஆவணி மூன்றும் அவருக்குச் சம்பாத்திய மாதங்கள். ஆடியில் கல்யாணம் இல்லையே என்று பார்த்தால் அம்மன் கோயில் கச்சேரிகள் வந்துவிடும். மிச்சம் மார்கழி. மொட்டை மாடியில் மார்கழிப் பனியில் ரிகர்சல் வைத்துப் பாடகருக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அந்த அண்ணன் மேல் தப்பு சொல்ல மாட்டேன். அவருக்கு அது சோறு, எங்களுக்கு ஆசை. ஆசைக்காரர்களும் சோற்றுக்காரர்களும் ஒரே குழுவில் இருந்தால், யாருக்கு எவ்வளவு என்பதை முதல் நாளே பேசிவிட வேண்டும். நாங்கள் வெட்கப்பட்டுக்கொண்டு பேசவில்லை. முதல் கச்சேரியில் வந்த பணம் போக்குவரத்துக்கும் பரோட்டாவுக்கும் போயிற்று. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் அடுத்த ரிகர்சலிலிருந்து வரவில்லை.

இப்போது குழு சேர்க்க நினைப்பவர்களுக்கு வேறொரு தடை. லேப்டாப்பில் ட்ராக் போட்டு இரண்டு பேர் பாடினால் ஒரு வரவேற்பை முடித்துவிடலாம். செலவும் குறைவு. இதில் போட்டி போட முடியாது. என்னிடம் கேட்கும் பிள்ளைகளிடம் நான் சொல்வது ஒன்றுதான்: நன்றாக வாசிப்பவனைத் தேடாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சும்மா இருப்பவனைத் தேடுங்கள். வாசிப்பு இரண்டு வருடத்தில் வந்துவிடும். நேரம் வராது.

ஆள் சேர்ப்பதைவிடக் கஷ்டமான ஒன்றைச் சொல்லாமல் போனால் இந்தப் பேச்சு முழுசாகாது. ஆளை அனுப்புவது.

எங்களிடம் ஒரு பாடகர் இருந்தார். ஆம்ப்ளிஃபையர், இரண்டு மைக், ஸ்பீக்கர் எல்லாம் அவருடையது. மொட்டை மாடியும் அவர் வீட்டுடையது. அவர் அம்மா தரும் சுக்குக் காபியும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சுருதி மட்டும் நிற்காது. சரணத்துக்குப் போகும்போது அரை ஸ்வரம் இறங்கிவிடுவார். நாங்கள் முகத்தைப் பார்த்துக்கொள்வோம். வேறொரு நல்ல பாடகர் வந்ததும் இவரை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. பீட்டில்ஸிலும் 1962 ஆகஸ்டில் பீட் பெஸ்ட்டை எடுத்துவிட்டு ரிங்கோ ஸ்டாரைச் சேர்த்தபோது அந்தச் செய்தியைச் சொன்னது மேலாளர் பிரையன் எப்ஸ்டைன். இரண்டு வருடம் கூட வாசித்த மூன்று பேரும் நேரில் சொல்லவில்லை. எங்களுக்கு மேலாளரும் கிடையாது. எனவே அதைவிடக் கேவலமாக ஒன்று செய்தோம். ரிகர்சலை உறையூரில் இன்னொரு வீட்டுக்கு மாற்றிவிட்டு, அவருக்குத் தகவல் சொல்லாமல் விட்டுவிட்டோம். அந்த யோசனை என்னுடையது.

மூன்றாவது வாரம் அவர் அங்கே வந்துவிட்டார். யார் சொன்னார்கள் என்று தெரியாது. நாங்கள் ஒரு பாட்டின் நடுவில் இருந்தோம். படியில் நின்றபடி முழுப் பாட்டையும் கேட்டார். முடிந்ததும், "மைக் இல்லாம குரல் அமுங்குதுப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் குழு அடுத்த வருடமே கலைந்தது. ஒருவனுக்குப் பெங்களூரில் வேலை, ஒருவனுக்குக் கல்யாணம்.

அவர் பிறகு சவுண்ட் சர்வீஸ் ஆரம்பித்தார், நன்றாக வளர்ந்தார். எனக்கு இப்போது இருக்கும் குழுவுக்கும் கோயில் திருவிழாக்களில் பல சமயம் அவர்தான் சவுண்ட். பேஸ் வாசிக்கும் பெண்ணுக்குத் தேவைக்கு மேலேயே ஏற்றிக் கொடுப்பார். பேட் கணீரென்று இருக்கும். என் கிட்டாரை மட்டும் மிக்சரில் எப்போதும் கொஞ்சம் இறக்கியே வைத்திருப்பார். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கொஞ்சம் ஏற்றுங்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

வணக்கம்.