116 வெற்றி, கோப்பை இல்லை

அவையோருக்கு வணக்கம். பேஸ்பால் என்றதும் முன்வரிசையில் சிலர் கைபேசியை எடுப்பது தெரிகிறது. சரி, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஓர் அணியின் ஒரே ஒரு சீசனைப் பற்றித்தான் பேசப்போகிறேன். சியாட்டில் மாரினர்ஸ், 2001.

ஐபிஎல்லில் லீக் கட்டத்தில் ஓர் அணிக்கு 14 ஆட்டம். அமெரிக்க மேஜர் லீக்கில் 162. ஏப்ரலில் தொடங்கினால் ஆறு மாதம், ஏறக்குறைய தினமும் ஆட்டம். நேற்று தோற்றதை நினைத்து வருந்தக்கூட நேரம் கிடைக்காது. அதில் நூறு ஜெயித்தாலே பெரிய அணி என்பார்கள். மாரினர்ஸ் 116 ஜெயித்தார்கள். 1906இல் சிகாகோ கப்ஸ் வைத்த சாதனையை எட்டிப்பிடித்த ஒரே அணி. அந்த கப்ஸும் அந்த வருஷம் வேர்ல்ட் சீரிஸில், அதாவது கோப்பைக்கான இறுதித் தொடரில், தோற்றவர்கள்தான் என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

இத்தனைக்கும், மூன்று பெரிய நட்சத்திரங்களைப் பறிகொடுத்த அணி இது. 1998இல் பந்து எறியும் ரேண்டி ஜான்சன் போனார். 2000 பிப்ரவரியில் கென் கிரிஃபி ஜூனியர். அதே வருஷம் டிசம்பரில் அலெக்ஸ் ரோட்ரிகஸ், பத்து வருஷத்துக்கு 25 கோடியே 20 லட்சம் டாலர் என்று டெக்சாஸுக்குப் போனார். அடுத்த சீசனில் டெக்சாஸ் 73 ஆட்டம் மட்டும் ஜெயித்து, மாரினர்ஸ் இருந்த அதே பிரிவில் கடைசி இடம்.

வந்தவர் இச்சிரோ சுசுகி. ஜப்பானில் தொடர்ந்து ஏழு வருஷம் பேட்டிங்கில் முதலிடம் பிடித்தவர். இங்கே தாக்குப்பிடிப்பாரா என்று பலருக்கும் சந்தேகம். ஏப்ரல் 11, ஓக்லாந்து மைதானம். வலது பக்கம் அடிக்கப்பட்ட பந்தை எடுத்து, நேராக மூன்றாம் பேஸுக்கு எறிந்தார். பேஸ் என்றால் ரன் எடுக்க ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய இடம். முதல் பேஸிலிருந்து ஓடி வந்த டெரன்ஸ் லாங் சறுக்கி வருவதற்குள் பந்து அங்கே காத்திருந்தது. அவுட்! அந்த ஓர் எறியைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். சீசன் முடிவில், பந்தை அடித்துப் பேஸை எட்டிய 242 ஹிட், அடி விழக் காத்திராமல் ஓடி அடுத்த பேஸைப் பிடித்த 56 பேஸ் திருட்டு; சிறந்த புதுமுகம், மதிப்புமிக்க ஆட்டக்காரர் என்று இரண்டு விருதும் அவருக்கே.

ஆனால் அந்த அணியும் ஆகஸ்ட் 5 அன்று கிளீவ்லாந்தில் 14-2 என்று முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடிந்தது என்று முக்கிய ஆட்டக்காரர்கள் சிலரை உட்காரவும் வைத்தாயிற்று. ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், சமன் ஆனால் அதற்கு மேலும் போகும். ஏழாவது இன்னிங்ஸில் மூன்று ரன் போனது, எட்டாவதில் நான்கு, ஒன்பதாவதில் ஐந்து. பதினோராவது இன்னிங்ஸில் 15-14 என்று தோற்றார்கள்.

செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு லீக் சில நாள் நின்றது. செப்டம்பர் 19 அன்று தங்கள் பிரிவில் முதலிடம் உறுதியானபோது ஷாம்பெயின் பீய்ச்சவில்லை. களத்திலேயே மண்டியிட்டுப் பிரார்த்தித்தார்கள், தேசியக்கொடியை ஏந்தி மைதானத்தைச் சுற்றி வந்தார்கள்.

அக்டோபரில் பிளேஆஃப், அதாவது கோப்பைக்கான நாக்-அவுட் தொடர்கள். முதலில் எதிர்ப்பட்டது அதே கிளீவ்லாந்து. ஓர் ஆட்டத்தில் 17-2 என்று அடி வாங்கி, எப்படியோ 3-2 என்று தொடரை ஜெயித்தார்கள். அடுத்து நியூயார்க் யாங்கீஸ், அந்த சீசனில் 95 மட்டுமே ஜெயித்த அணி. ஏழு ஆட்டத்தில் நான்கை ஜெயிக்க வேண்டிய தொடர். சொந்த ஊரில் முதல் இரண்டையும் தோற்றதும், ஆறாவது ஆட்டத்துக்கு இங்கே திரும்பி வருவோம் என்று வாக்குக் கொடுத்தார் மேனேஜர் லூ பினியெல்லா. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார் என்றுதான் சொல்வேன். நான்காவது ஆட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸில் மாரினர்ஸின் பிரெட் பூன் ஹோம் ரன், நம்ம சிக்ஸர் மாதிரி, அடித்து 1-0. அதே இன்னிங்ஸில் யாங்கீஸின் பெர்னி வில்லியம்ஸ் ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தார். ஒன்பதாவதில் அல்ஃபோன்சோ சொரியானோ இன்னொன்று அடிக்க, கதை முடிந்தது. மறுநாள் 12-3 என்று தோல்வி. ஆறாவது ஆட்டம் நடக்கவே இல்லை.

தோற்றுப்போன சீசன் என்று இதை எழுதுகிறவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஐந்து ஆட்டத்தில் யார் வேண்டுமானாலும் யாரையும் வீழ்த்தலாம். அதே பிரிவில் 102 ஜெயித்த ஓக்லாந்தை 14 ஆட்ட வித்தியாசத்தில் பின்னே தள்ளுவதற்கு ஆறு மாதம் சறுக்காமல் நிற்க வேண்டும். அணியின் உண்மையான அளவு அதுதான்.

அந்த யாங்கீஸும் கோப்பையை வாங்கவில்லை. வேர்ல்ட் சீரிஸில் அரிசோனா ஜெயித்தது, அதில் மூன்று ஆட்டங்களை வென்று கொடுத்தவர் மாரினர்ஸ் விட்டுக்கொடுத்த அதே ரேண்டி ஜான்சன். மாரினர்ஸோ 2002இலும் 2003இலும் தலா 93 ஜெயித்தும் பிளேஆஃபுக்குள் நுழைய முடியவில்லை. அப்புறம் 2022 செப்டம்பர் 30 வரை காத்திருந்தார்கள். ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், மாற்று ஆட்டக்காரராக வந்த கால் ராலே ஹோம் ரன் அடித்து உள்ளே கொண்டுபோனார். அன்றும் எதிரே நின்றது ஓக்லாந்துதான்.