83ஆம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்

எல்லாருக்கும் வணக்கம். வாசகர் கூட்டத்தில் படித்த நூலைப் பற்றித்தான் பேசச் சொல்வார்கள். பாதியில் விட்ட நாவலைப் பற்றிப் பேசுகிறேன் என்று நான் சொன்னதும், கூப்பிட்ட தம்பி கொஞ்ச நேரம் வாயே திறக்கவில்லை. அப்புறம், "சரிங்கண்ணே, பேரை மட்டும் சொல்லிராதீங்க" என்றார். சொல்லவில்லை.

நம்ம மதுரை தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடந்தபோது வாங்கியது. விருது பெற்ற நாவல், எழுநூறு பக்கத்துக்கு மேல், கழிவு போக 630 ரூபாய். மாசி வீதியில் ஒரு கடைக்குக் கணக்கு எழுத, தினமும் திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறுகிறவன் நான். என் படிப்பெல்லாம் பஸ்ஸில்தான். இந்த நாவலில் ஒரு வாக்கியம் கப்பலூரில் தொடங்கினால் பசுமலையில்தான் முற்றுப்புள்ளி வரும். அதற்குள் யார் யாரை நினைத்து அழுகிறார் என்பது மறந்துபோகும். மறுபடி கப்பலூருக்குப் போக வேண்டும். நாலு மாதத்தில் 83 பக்கம். அடையாளத்துக்குச் செருகிய பஸ் டிக்கெட்டில் எழுத்தே அழிந்துவிட்டது.

ஏன் விடவில்லை? 630 ரூபாய். கணக்கு எழுதுகிறவனுக்கு அது உறுத்தும். இந்த உறுத்தலை அமெரிக்காவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஆர்க்ஸ், புளூமர் என்ற இரண்டு பேர் 1985இல் எழுதிய கட்டுரை. ஒஹையோவில் ஒரு நாடக அரங்கில் சீசன் டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலை, 15 டாலர், சிலருக்குத் தள்ளுபடி. யாருக்கு எது என்பது குலுக்கல் மாதிரி. முழு விலை கொடுத்தவர்கள்தான் முதல் ஆறு மாதம் அதிக நாடகம் பார்த்தார்கள். நாடகம் எல்லாருக்கும் ஒன்றுதான், கொடுத்த காசு அவர்களை இழுத்து வந்திருக்கிறது. நானும் என் 630 ரூபாயைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

நான்சி பேர்ல் என்று ஒரு நூலகர், சியாட்டில் நகரத்து அம்மா, ஒரு கணக்குச் சொல்கிறார். 50 பக்கம் படி, பிடிக்காவிட்டால் வை. வயது ஐம்பதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து வயதைக் கழித்துக்கொள்ளலாம். எனக்கு 62. ஆக, 38 பக்கம் போதும். 45 பக்கம் வீணாகச் சுமந்திருக்கிறேன். நூறு வயதாகிவிட்டால் அட்டையைப் பார்த்தே முடிவு செய்யலாமாம்!

கணக்கு அழகுதான், முழுசாக ஒப்பவில்லை. சில நாவல்களில் யார் யாருக்கு என்ன உறவு என்று பிடிபடவே நூறு பக்கம் ஆகும். அப்புறம் கீழே வைக்க முடியாது. நான் பார்ப்பது வேறு. பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது கதையில் வருகிறவர் யாராவது கூட வருகிறாரா? இந்த நாவலில் ஒருவரும் இறங்கவில்லை.

படிக்க முடியாததில் எனக்கு வெட்கம் இல்லை. டீக்கடையில் நண்பர் "படிச்சாச்சா?" என்று கேட்டபோது, "அடடா, என்ன நடை!" என்றேன் பாருங்கள், அதில்தான் வெட்கம்.

பொய் சொன்னது எந்த ஊரில்? இறையனார் களவியல் என்ற பழைய இலக்கண நூலின் உரையில் ஒரு கதை உண்டு. அந்த நூலுக்குச் சங்கப் புலவர்கள் 49 பேரும் ஆளுக்கோர் உரை சொல்கிறார்கள். எது மெய்யுரை என்று தீர்ப்புச் சொல்ல வந்தவன் உருத்திரசன்மன், இந்த மதுரைப் பிள்ளை, ஐந்து வயது, ஊமை. ஒவ்வொருவராக உரைக்கிறார்கள், அவன் சும்மா உட்கார்ந்திருக்கிறான். மருதன் இளநாகனார் உரைக்கும்போது அங்கங்கே கண்ணீர் வருகிறது. நக்கீரர் உரைக்கும்போது சொல்லுக்குச் சொல் கண்ணீர், உடம்பெல்லாம் சிலிர்ப்பு. அதுதான் தீர்ப்பு. எனக்குப் பிடித்தது அவன் சும்மா உட்கார்ந்திருந்த நேரம். எதிரில் இருப்பது சங்கப் புலவர்கள். மரியாதைக்குக்கூட ஒரு சொட்டு விடவில்லை. ஏனப்பா அழவில்லை என்று அவனை யாரும் கேட்டதாகவும் கதையில் இல்லை.

மறுநாள் நண்பரிடம் போய், 83இல் நின்றுவிட்டது என்று சொன்னேன். "நீங்களாச்சும் 83" என்றார்.

இப்போது நாவல் வீட்டம்மா கையில். அடையாளத்துக்கு அவள் ஹேர்பின் செருகுவாள். ஒரே வாரத்தில் என் டிக்கெட்டைத் தாண்டி 310க்குப் போய்விட்டாள். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். இன்று காலை புறப்படும்போது பார்த்தேன். மூன்று வாரமாக ஹேர்பின் அங்கேயேதான் நிற்கிறது. நான் எதுவும் கேட்கவில்லை. வணக்கம்.